ஈஸ்டர் விடியலில் கதவை யார் மூடுவது

"...உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற நாற்காலியிலயும் நான்தான் உக்காந்திருக்கேன். பெரிய தண்ணி நேரத்துல கதவை விட்டு நகரக்கூடாதுன்னு சொல்ற நாற்காலியிலயும் நான்தான் உக்காந்திருக்கேன். நீயே சொல்லு மாரி, நான் எந்த நாற்காலியில இருந்து உன்கிட்டப் பேசுறது?"

இப்படிக் கேட்டவர் எங்கள் தோட்டத்துக் கண்டக்டர் தேவசகாயம் ஐயா. பஸ் கண்டக்டர் இல்லை. மானேஜருக்கு அடுத்தபடியாகத் தோட்ட வேலை முழுவதையும் நடத்துகிறவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். கேள்விக்கு உரியவர் மாரிமுத்து அண்ணன், பெரிய தண்ணிக்கதவுக்காரர். பக்கத்தில் நின்றவன் நான், சின்னக் கதவுக்காரன், பெயர் டேவிட். மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஆறு கடலோடு சேர்கிற இடத்தை ஒட்டிய தோட்டம். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அண்மையில் அந்தப் பக்கம் போயிருந்தேன். கதவுக்கு இப்போது மோட்டார் வைத்திருக்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் இறங்குகிறது. மிக நல்ல காரியம். சந்தேகமிருந்தால் என் வலது தோள்பட்டையைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு பேர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர் பழைய இரும்புச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் கையாலயா சுத்துனீங்க அங்கிள்? ஜிம்முக்கே போக வேணாம் லா" என்றார். மற்றவர் என் சட்டைப்பையில் இருந்த சின்ன வேதப்புத்தகத்தைப் பார்த்தபடி, "தண்ணிதான் நாள் கிழமை பாக்காதே, அப்ப சர்ச்சுக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அங்கே நின்றபடி பதில் சொல்லிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வேலையை ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். திட்டு வாங்கிக் கற்றது பாதி, வழுக்கி விழுந்து கற்றது பாதி. சொல்லக் கேட்டால் சின்ன வேலைதான். கடல் ஏறும்போது ஆறும் ஏறும். ஆற்றுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மண்கரை. தோட்டத்து மழைத்தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்கள் அந்தக் கரையை இரண்டு இடத்தில் துளைத்துக்கொண்டு போகும். அந்த இரண்டு வாயிலும் இரண்டு கதவு. ஆறு ஏறுமுன் மூட வேண்டும், வற்றும்போது திறக்க வேண்டும். மூடத் தாமதித்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். தென்னை பொறுத்துக்கொள்ளும்; தென்னைக்கு அடியில் நட்டிருந்த கொக்கோ பொறுக்காது, இலை கருகிவிடும். இன்னும் ஏறினால் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குள் வரும். திறக்கத் தாமதித்தால் மழைத்தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மாரி அண்ணன் சொல்வார்: "மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல நிக்கிறவன் வேலைடா இது. ஒருத்தி வர்றப்ப ஒருத்தியை அடைக்கணும்."

சக்கரத்தைச் சுற்றக் கதவு இறங்கும். கடைசிச் சுற்றுகளில் ஆற்றின் அழுத்தம் கதவைக் கவ்விக்கொள்ளும். அங்கேதான் தோள் வேண்டும். கதவு அடிக்கல்லில் உட்காரும்போது ஒரு சத்தம் வரும், பானையை மெதுவாகத் தரையில் வைக்கிற மாதிரி. அந்தச் சத்தத்தை நம்பிப் போய்விடக் கூடாது. உள்பக்கம் இறங்கி, கதவின் ஓரத்தில் கைவைத்து நீரோட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வாய்க்கால் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்புத்தண்ணீரும் நல்ல தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுதான். பிறகு கரையோடு நடந்து நண்டு துளைத்த இடங்களைத் தேடிக் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

தேவசகாயம் ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைக் கால்சட்டை, காலில் பளபளக்கும் பழுப்புச் சப்பாத்து. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, என்ஜின் அடங்கும்வரை பேசாமல் இருப்பார். அப்புறம் மூன்று கேள்வி: "மூடினியா? பாத்தியா? தொட்டுப் பாத்தியா?" மூன்றுக்கும் ஆமாம் என்றால் "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்த நாளில் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். இல்லை என்றால் திட்டமாட்டார்; நாம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்வரை அங்கேயே நிற்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். டவுனில் இருந்த எங்கள் தமிழ்ச் சபையிலும் அவர் மூப்பர். ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் இயேசு உயிர்த்தெழுந்த அதிகாரத்தை வாசிப்பது அவர் அப்பாவின் பொறுப்பாக இருந்து இவருக்கு வந்தது. ஒரு வருஷமும் தவறியதில்லை.

இப்போது எங்கள் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் பெரிய தண்ணீர். நம் ஆட்களின் பண்டிகைகளும் நிலாவைப் பார்த்துத்தான் வருகின்றன. தீபாவளி அமாவாசையில், தைப்பூசம் பௌர்ணமியில். ஈஸ்டரும் அப்படித்தான், பௌர்ணமிக்குப் பிறகு வரும் ஞாயிறு. சில வருஷம் நாலைந்து நாள் தள்ளி விழும், தப்பித்தோம். தள்ளாத வருஷத்தில், எங்கள் பக்கம் பெரிய தண்ணீர் விடிகிற வேளையில்தான் உச்சிக்கு வரும். சபையில் எல்லாரும் கல்லறைக் கல் புரண்டதைப் பாடிக்கொண்டிருக்கும்போது நான் சக்கரத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். மாரி அண்ணன் தீபாவளியன்று எண்ணெய் வழியும் தலையோடு கரையில் நிற்பார். "ஏண்டா, சாமிங்க எல்லாரும் சேந்து நம்மள வச்சு விளையாடுறாங்களா?" என்பார்.

சின்னத் தண்ணீர் நாட்களில் ஒருவர் இரண்டு கதவையும் பார்த்துக்கொள்ளலாம். அப்படி வரும் ஞாயிறுகளில் என்னைச் சபைக்கு அனுப்பிவிட்டு அவர் நிற்பார். பதிலுக்கு அவர் கோயில் காரியங்களுக்கு நான் நிற்பேன். திரும்பி வந்ததும் வேலையை ஒப்படைக்கிற முறை உண்டு: தண்ணீர் எங்கே நிற்கிறது, மழை உண்டா, கரையில் ஓட்டை உண்டா. ஒரு ஞாயிறு இதெல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார்:

"அது சரி, அங்க என்னா சொன்னாங்க?"

"நல்லாத்தாண்ணே சொன்னாரு."

"நல்லாத்தான்னா?"

"அன்பா இருக்கணும்னாரு."

"இதுக்கா அம்புட்டு நேரம்? கல்யாண வீட்டுக்குப் போனவன் வீட்டுல இருக்கிறவனுக்கு இலையில கொஞ்சம் மடிச்சாவது கொண்டாருவான். நான் இங்க வெயில்ல நிக்கிறேன், நீ வெறுங்கையோட வர்றியே லா."

சிரித்துவிட்டேன், ஆனாலும் உறைத்தது. கிறிஸ்தவம் எனக்குச் சொத்து மாதிரி வந்தது. அப்பாவுக்கு அவர் அப்பா கொடுத்தார், எனக்கு அப்பா கொடுத்தார். சொத்தாக வந்த நகையை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் முதன்முறையாக, ஒருவருக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று பிரசங்கத்தைக் கேட்டேன். கேட்டதை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. பதிலுக்காக வீட்டில் வேதப்புத்தகத்தைத் திறப்பேன். அவருக்குக் கட்டிக்கொண்டு போன சோற்றில்தான் என் வயிறும் நிறைந்தது. இன்றைக்கும் நான் ஜெபத்தில் நன்றி சொல்கிற முதல் விஷயம் அந்தக் கரையில் கிடைத்த அந்தத் திட்டு.

ஒரு ஞாயிறு, புயலில் படகு தத்தளித்தபோது இயேசு அதன் பின்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கதையைச் சொன்னேன். காற்றை அதட்டினார், கடல் அடங்கியது என்று நான் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"தூங்குனாரா?"

"ஆமாண்ணே, தலையணை வச்சு."

"அம்புட்டுக் காத்துலயா? அப்படின்னா உடம்பு அவ்வளவு அசந்திருக்கு." சக்கரத்தில் கையை வைத்தபடி ஆற்றைப் பார்த்தார். "அசதி தெரிஞ்ச சாமி," என்றார். "அவருகிட்ட எதையும் சொல்லலாம் போலருக்கே."

சொல்லத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் அறிவிக்கவில்லை. அடுத்து வந்த மாதங்களில் லீவு போட்டுப் பஸ் ஏறி ராசா என்கிற ஊருக்குப் போனார். அங்கே அவருடைய அண்ணன் இருந்தார்; அப்பா சாவு வீட்டில் வந்த சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. முதல் தடவை அந்த அண்ணன் கதவைத் திறக்கவில்லை. மாரி அண்ணன் எதிர்க் கடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். மறுபடி போனார். அதற்கும் அடுத்த தடவை அண்ணி டீ கொடுத்தாராம், அண்ணன் ஜன்னல் வழியாகப் பேசினாராம்.

"ஏண்ணே இந்த அலைச்சல்?" என்றேன்.

"மன்னிச்சுட்டு வான்னு சொன்னாரு."

"யாரு, போதகரா?"

"போதகர் உனக்குச் சொல்லுவாரு, நீ எனக்குச் சொல்லுவ. இது அவரே எனக்குச் சொன்னது."

அதற்குப் பிறகுதான் ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்தார். லயத்தில் சும்மா விடுவார்களா? "என்னா மாரி, மைக்கேலா ஆவப் போறியா? கோட்டு தைக்கக் குடுத்தாச்சா?" என்றார்கள். அவர் மனைவி செல்லம்மா அக்கா குழாயடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு என் ஆத்தா போதும். அவரு அவரு சாமியோட பேசிக்கட்டும். தீபாவளிப் பலகாரம் தின்னமாட்டேன்னு மட்டும் சொல்லட்டும், அன்னைக்கு இருக்கு அவருக்கு." அண்ணன் அந்த வருஷமும் முறுக்கைத் தின்றார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

மூப்பர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்த நாளில் நான் திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். "இது உண்மைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று போதகர் அன்பாகத்தான் கேட்டார். மாரி அண்ணன், "டேவிட்டு சொன்னப்ப நல்லாருக்கேன்னு நினைச்சேங்க. அப்பறம் நாக்குல வச்சுப் பாத்தேன்" என்றார். போதகர் சிரித்து, எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டார். தேவசகாயம் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார். "என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்ல டேவிட். கைக்குழந்தையில தலையில தண்ணி ஊத்திட்டாங்க. கேட்டிருந்தா..." என்றார். சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். என் தலையிலும் அப்படித்தான் ஊற்றினார்கள்.

எங்கள் சபையில் பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் மட்டும்தான். பழைய போதகர் யாரோ வைத்த வழக்கம், யாரும் மாற்றவில்லை. அந்த வருஷம் ஈஸ்டர் பெரிய தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி வந்தது. சீக்கிரமே மூடிவிட்டுப் போகலாம் என்று கண்டக்டரய்யா அனுமதி கொடுத்திருந்தார். கதவடிக் கொட்டகையில் ஆணியில் வெள்ளைச் சட்டை தொங்கியது. நான் சின்னக் கதவை மூடிவிட்டு அவரை வழியனுப்ப வந்தபோது சக்கரம் பாதியில் நின்றிருந்தது. மேலே எங்கோ பெய்த மழை ஒரு மரத் துண்டை அடித்து வந்து, இறங்கிய கதவுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் செருகியிருந்தது. அந்த இடைவெளி வழியாக ஆறு சீறிக்கொண்டு உள்ளே வந்தது.

இந்த மாதிரி நேரத்தில் யாருக்கும் கதவை இன்னும் அழுத்தத்தான் தோன்றும். அழுத்தினால் கட்டை இறுகும், திருகுத்தண்டு வளைந்துவிடும். கதவைக் கொஞ்சம் தூக்க வேண்டும். அதாவது, உள்ளே வரக் கூடாத தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் வழிவிட வேண்டும். கட்டை மிதந்து திரும்பும் நொடியில் அதை வெளியே தள்ளிவிட்டு, உடனே இறக்க வேண்டும். அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கினார். மறுமுனையைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி என் முழங்கையில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தேன். தண்ணீர் அவரைக் கதவோடு சேர்த்து அறைந்தது. ஒரு கையால் கதவுச் சட்டத்தையும் மறு கையால் கட்டையையும் பிடித்திருந்தார். அந்த நேரத்தில், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க. தனியா முடியல."

"புடிச்சிருக்கேண்ணே," என்றேன்.

"உன்னையில்லடா."

நான் எத்தனையோ ஜெபம் கேட்டிருக்கிறேன். பரமண்டலங்களில் தொடங்கி ஆமென் வரை தவறில்லாமல் வரும். கட்டையின் மறுமுனையைப் பிடிக்க ஒருவரைக் கூப்பிடுகிற ஜெபத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். அங்கே ஒருவர் இருக்கிறார் என்று துளியும் ஐயமில்லாத குரல் அது. உண்மையான விசுவாசம் என்றால் என்ன என்று பின்னாளில் யார் கேட்டாலும் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வரும். கட்டை புரண்டது, தள்ளினார், இறக்கினேன், கதவு உட்கார்ந்தது. அவரை மேலே இழுத்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆணியில் சட்டை அப்படியே தொங்கியது. ஆராதனை முடிந்திருந்தது.

சபையில் பேச்சு வந்தது. "வரணும்னு மனசு இருந்தா வந்திருப்பான்" என்றார் மூப்பர் ஒருவர். தேவசகாயம் ஐயா எழுந்து கட்டையைப் பற்றிச் சொன்னார். "அப்படின்னா அடுத்த வருஷமும் ஒரு கட்டை வருமே" என்று பதில் வந்தது. அடுத்த ஈஸ்டருக்கும் வராவிட்டால் ஞானஸ்நானப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். இரண்டு வருஷம் தவறினால் அதுதான் விதி, யாருக்கும் விலக்கு இல்லை.

அடுத்த ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டியே வந்தது. அந்த வருஷத்திலேயே பெரிய தண்ணீர் அந்த விடியலில்தான். அதோடு இன்னொன்று: அண்ணனின் மகனுக்குச் செரண்டாவில் தொழிற்சாலை வேலை கிடைத்து, மாதக் கடைசியில் குடும்பத்தோடு அங்கே போவதாக ஏற்பாடு. போகிற ஊரில் அவரை யாருக்கும் தெரியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். "உள்ளுக்குள்ள இருந்தாப் போதாதாண்ணே?" என்று ஆறுதலுக்குக் கேட்டேன். "தாலி கட்டாம குடும்பம் நடத்துற மாதிரி இருக்குடா. அவருக்கும் எனக்கும் தெரியும், சரி. ஊருக்குத் தெரிய வேணாமா?" என்றார். இரண்டு கதவையும் நானே பார்க்கிறேன் என்று கண்டக்டரய்யாவிடம் போய் நின்றேன். "ரெண்டுக்கும் நடுவுல கூப்பிட்டாக் கேக்காத தூரம். ஒரே நேரத்துல ரெண்டையும் மூட நீ என்ன அனுமாரா?" என்றார். சரியாகத்தான் சொன்னார். வேறு யாருக்கும் அந்தச் சக்கரம் பழக்கமில்லை.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. நான் என் கதவை மூடிவிட்டுப் பெரிய கதவுக்கு வந்திருந்தேன். அண்ணன் கடைசிச் சில சுற்றுகள் தவிரக் கதவை இறக்கியிருந்தார்; ராத்திரி வற்றும்போது திறந்து, விடியுமுன் மறுபடி மூட வேண்டும். ஐயா வந்து, என்ஜின் அடங்கும்வரை காத்திருந்து, அந்த நாற்காலிக் கேள்வியைக் கேட்டார்.

மாரி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் உங்க நாற்காலிதான்யா. நீங்க இருன்னா இருக்கேன். திருட்டுத்தனமா நழுவிப் போயி ஞானஸ்நானம் வாங்குனா அது அவருக்கே புடிக்காது. லயத்துல புள்ளைங்க தூங்கும். ஆனா மாரிக்கு மனசில்லன்னு மட்டும் அங்க யாரும் சொல்லாமப் பாத்துக்குங்க. அது பொய்யி."

ஐயா ஆற்றைப் பார்த்தார். அவர் வீட்டில் ஈஸ்டருக்கான சட்டை தேய்த்து மடித்து வைத்திருப்பார்கள், வேதப்புத்தகத்தில் அந்த அதிகாரத்துக்கு நாடா போட்டிருக்கும். அவர் அப்பா நின்ற இடம் அது.

"தண்ணி நாளைக்கு எப்ப ஏறும்?" என்றார்.

"நடுராத்திரி தாண்டுனதுமே ஏற ஆரம்பிச்சிரும்யா. நீங்க அங்க வாசிக்கிற நேரத்துக்கு உச்சியில நிக்கும்."

"ம்."

அப்படியே கரை மண்ணில் உட்கார்ந்தார், அந்த வெள்ளைக் கால்சட்டையோடு. சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். காலுறைகளைச் சுருட்டி உள்ளே திணித்து ஓரமாக வைத்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, வெறுங்காலோடு சக்கரத்தடிப் பலகைமேல் ஏறி வந்து, அண்ணனை நகரச் சொல்லிச் சக்கரத்தைப் பிடித்தார். அது அசையவில்லை. கடைசிச் சுற்றுகள், ஆறு கதவைக் கவ்வியிருந்தது. மாரி அண்ணன் உதவிக்குக் கை வைத்தார்.

"கையை எடு மாரி. நாளைக்கு நீ இங்க இருக்கமாட்ட," என்று சொல்லிவிட்டு, தோளைக் கொடுத்து, தனியாக அந்தச் சக்கரத்தைச் சுற்றினார்.